ஸ்டென்ட் விலை ஏன் ஏறியது?

நெஞ்சுவலியோடு வந்தவர் உள்ளே மேசையில் கிடக்கிறார். ஆஞ்சியோ முடிந்து வெளியே வரும் டாக்டர், "ரெண்டு இடத்துல அடைப்பு. ஸ்டென்ட் வைக்கணும். சாதாரணமா, இம்போர்ட்டடா? சீக்கிரம் சொல்லுங்க" என்கிறார். அந்த நேரத்தில் "நாலு இடம் விசாரித்துவிட்டு வருகிறேன்" என்று எந்த மகன் சொல்வான்? நல்லதையே வையுங்கள் என்பான். நல்லது என்றால் விலை கூடியது என்றுதான் நமக்குப் பொருள்.

கத்தரிக்காய்ச் சந்தையில் கடைகள் பெருகினால் விலை இறங்கும். அடைபட்ட இதயக் குழாயைத் திறந்துவைக்கும் சின்ன வலைக்குழாயான ஸ்டென்டின் சந்தையில் கம்பெனிகள் பெருகியும் விலை இறங்கவில்லை. தேர்ந்தெடுப்பவர் ஒருவர், பணம் கட்டுபவர் வேறொருவர் என்பதுதான் காரணம். 2017 வரை நடந்தது இதுதான்: கம்பெனி விநியோகஸ்தருக்கு ஒரு விலைக்குத் தரும். அவர் கொஞ்சம் ஏற்றி ஆஸ்பத்திரிக்குத் தருவார். பெட்டியில் அச்சான எம்.ஆர்.பி. மட்டும் எட்டாத உயரத்தில் இருக்கும். ஆஸ்பத்திரி வாங்கிய விலைக்கும் அதற்கும் நடுவில் உள்ளது ஆஸ்பத்திரியின் பங்கு. தரத்தில் பெரிய வித்தியாசமில்லாத இரண்டு ஸ்டென்ட்களில் எதை வைத்தால் அந்தப் பங்கு கூடும்? எம்.ஆர்.பி. அதிகமுள்ளதை. இது தெரிந்த கம்பெனி விலையைக் குறைத்தா அச்சடிக்கும்? மற்ற வியாபாரங்களில் வாடிக்கையாளரை விரட்டும் விலைதான் இங்கே சரக்கை விற்றுக்கொடுத்தது.

தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் கணக்கெடுத்தபோது, ஆஸ்பத்திரி மட்டத்தில் மட்டும் 654 சதவீதம் வரை லாபம் வைக்கப்பட்டது தெரியவந்தது. 2017 பிப்ரவரியில் ஆணையம் உச்சவரம்பு விதித்தது. சராசரியாக 45,100 ரூபாய் எம்.ஆர்.பி. இருந்த சாதாரண உலோக ஸ்டென்டுக்கு 7,260 ரூபாய். 1,21,400 ரூபாயாக இருந்த மருந்து பூசிய ஸ்டென்டுக்கு 29,600 ரூபாய். சில பன்னாட்டு நிறுவனங்கள் தங்கள் உயர்ரக ஸ்டென்ட்களை இந்தியாவிலிருந்து திரும்பப் பெற அனுமதி கேட்டன. அதே ஆண்டு ஆகஸ்டில் முழங்கால் மூட்டு மாற்று உபகரணங்களுக்கும் வரம்பு வந்தது.

பில் இறங்கியதா? ஸ்டென்ட் என்ற ஒரு வரி இறங்கியது. 2018இல் தில்லி வட்டாரத்தின் நான்கு தனியார் மருத்துவமனைகளின் பில்களை அதே ஆணையம் ஆராய்ந்தபோது, சில பொருள்களில் லாபம் 1,737 சதவீதம் வரை போயிருந்தது. சிரிஞ்ச் போன்ற, யாரும் விலை கேட்காத சில்லறைச் சாமான்களும் அந்தப் பட்டியலில் இருந்தன. இதில் சட்டமீறல்கூடத் தேவைப்படவில்லை. மொத்தமாக வாங்கும் ஆஸ்பத்திரிக்காக எம்.ஆர்.பி.யே ஏற்றி அச்சிடப்பட்டால், அச்சிட்ட விலைக்கு விற்றாலே போதும்.

விலையைவிடச் சங்கடமான கேள்வி ஒன்று உண்டு: அந்த ஸ்டென்ட் தேவைதானா? மாரடைப்பு வந்துகொண்டிருக்கும்போது அது உயிர்காப்பான்; அதில் சந்தேகமில்லை. ஆனால் நடந்தால் வலி, நின்றால் சரியாகிறது என்ற நிலையான இதயநோயில் நிலைமை வேறு. 5,179 பேரை வைத்து நடந்த 'இஸ்கீமியா' என்ற ஆய்வின் முடிவு 2019இல் வெளியானது. மருந்து மட்டும் எடுத்தவர்களோடு ஒப்பிட்டால், ஸ்டென்டோ பைபாஸோ செய்துகொண்டவர்களுக்கு மாரடைப்பும் மரணமும் மொத்தத்தில் குறையவில்லை. நெஞ்சுவலித் தொல்லை குறைந்தது. இதை நோயாளிக்கு விளக்க அரைமணி நேரம் ஆகும். அந்த அரைமணிக்குக் கிடைப்பது கன்சல்டேஷன் கட்டணம் மட்டுமே. ஸ்டென்ட் வைத்தால் லேப், அறை, மருந்து எல்லாவற்றுக்கும் பில் உண்டு. டாக்டர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. சந்தேகம் வரும் இடத்தில் எந்தப் பக்கம் சாய்வது என்பதை இந்தக் கணக்கே முடிவு செய்துவிடும்.

மீண்டும் விலைக்கு வருவோம். மருந்துச் சந்தையிலும் போட்டி விலையைக் குறைக்கும் என்பதற்கு நம் ஊரிலேயே சான்று உண்டு. 1994இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், பிராண்டைப் பார்க்காமல் மருந்தின் மூலப்பெயரில் டெண்டர் விட்டு அரசு மருத்துவமனைகளுக்கு மொத்தமாக வாங்குகிறது. அங்கே கம்பெனிகள் எம்.ஆர்.பி.யைக் காட்டி ஆசைகாட்ட ஆளில்லை. குறைத்துக் கேட்பவருக்கே ஆர்டர்.