காற்றைவிட இலேசான திண்மம் வானில் மிதக்குமா?

பூவின் மேல் வைத்தாலும் இதழ் மடங்காத அளவுக்கு இலேசான திண்மம் ஒன்று உண்டு. 2013ஆம் ஆண்டு சீனாவின் செஜியாங் பல்கலைக்கழகத்தில் கிரபீனைக் கொண்டு உருவாக்கப்பட்ட ஏரோஜெல்தான் அது. துளைகளுக்குள் இருக்கும் காற்றைச் சேர்க்காமல் பார்த்தால், அதன் ஒரு கன சென்ரிமீற்றரின் நிறை 0.16 மில்லிகிராம் மட்டுமே. அதே கனவளவு காற்றின் நிறையோ ஏறத்தாழ 1.2 மில்லிகிராம்.

அப்படியானால், உள்ளே இருக்கும் காற்றை அகற்றி மூடிவிட்டால் இத்தகைய பொருள் ஈலியம் பலூனைப் போல மேலெழாதா? அப்படியும் சிலர் யோசனை கூறினர். அதற்கு விடை தந்த கணினி ஆய்வைப் பற்றியே நான் இங்கு எழுதுகிறேன்.

முதலில் கிரபீன் என்றால் என்னவென்று பார்ப்போம். பென்சிலில் உள்ள காரீயம், காபன் அணுக்கள் அறுகோணங்களாக இணைந்த படலங்களின் அடுக்கு. அவற்றுள் ஒரேயொரு படலமே கிரபீன். 2004இல் அதைப் பிரித்தெடுத்து ஆராய்ந்த மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் கெய்ம், நொவொசெலோவ் ஆகிய இருவரும் 2010இல் பௌதிகவியல் நோபல் பரிசு பெற்றனர். எமது நாட்டின் போகல, கஹட்டகஹ சுரங்கங்களில் கிடைப்பதும் இதே காரீயந்தான். கிரபீனை இழுத்து அறுப்பது மிகக் கடினம். ஆனால் ஓர் அணுவின் தடிப்பே உள்ளதால் அது எளிதில் வளையும்.

அமெரிக்காவின் மசாச்சூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் மார்க்கஸ் பியூலரின் குழுவினர், கிரபீன் துண்டுகள் ஒன்றிணைந்து துளைகள் நிறைந்த முப்பரிமாணப் பொருளாவதைக் கணினியில் அமைத்தனர். இதில் ஒவ்வோர் அணுவுக்கும் ஓர் இடம் குறிக்கப்படுகிறது. அயல் அணுக்கள் அதன்மீது செலுத்தும் விசை கணிக்கப்படுகிறது. பிறகு நாம் வகுப்பில் படிக்கும் நியூற்றனின் இரண்டாம் விதிப்படி அணு எவ்வளவு நகரும் என்று பார்க்கப்படுகிறது. பொதுவாக இதில் ஒரு படி என்பது, ஒரு செக்கனைப் பத்துக் கோடி கோடியாகப் பிரித்தால் கிடைக்கும் ஒரு துண்டளவு நேரம். இதையே திரும்பத் திரும்பச் செய்து, பொருளை நசுக்கியும் இழுத்தும் பார்க்கின்றனர். கணிப்பைச் சரிபார்க்க, அதே வடிவத்தைப் பெரிதாக முப்பரிமாண அச்சில் பிளாஸ்டிக்கில் செய்து இயந்திரத்தில் அமுக்கியும் சோதித்தனர்.

2017இல் வெளியான முடிவு இரண்டு பக்கம் கொண்டது. உருக்கின் அடர்த்தியில் 4.6 சதவீதமே உள்ள மாதிரி, உருக்கைவிடப் பத்து மடங்கு வலிமையானது என்று கணிப்புக் காட்டியது. ஆனால் அடர்த்தியை மேலும் குறைக்கும்போது அந்த வலிமை, பிளாஸ்டிக் நுரைகளில் குறைவதைவிட மிக வேகமாகக் குறைகிறது. ஓர் எல்லைக்குக் கீழே போனால், நாம் பொதிசெய்யப் பயன்படுத்தும் ரிஜிபோம் போன்ற சாதாரண நுரைகளைவிட மேலானது என்று சொல்ல முடியாது.

பலூன் கனவு இங்கேதான் கலைகிறது. எம்மைச் சுற்றியுள்ள வளி ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றரிலும் ஏறத்தாழ ஒரு கிலோகிராம் எடைக்குச் சமமாக அழுத்துகிறது. உள்ளே காற்று இல்லாவிட்டால் அதை எதிர்த்துத் தள்ள எதுவுமில்லை. மிதக்கும் அளவுக்கு இலேசானதாக அமைத்தால், அந்தப் பொருள் எழும்புவதற்கு முன்பே நசுங்கிவிடும்.

“முடியாது” என்ற இந்த விடையையும் நான் பெறுமதியானதாகவே கருதுகிறேன். வீண் செலவையும் உழைப்பையும் அது தவிர்க்கிறது. மேலும், வலிமையின் பெரும் பங்கு வடிவத்தில் இருப்பதை இவ்வாய்வு காட்டியதால், அதே துளை வடிவத்தை உலோகத்திலும் கொங்கிறீற்றிலும் பயன்படுத்தலாம் என்ற வழியும் திறந்திருக்கிறது. தேன்கூட்டையும் பறவையின் எலும்பையும் படைத்த இறைவன், வெற்றிடத்திலும் வலிமை உண்டென்பதை எமக்கு முன்னரே காட்டியிருக்கிறான். அதன் அளவு எவ்வளவு என்பதைக் கணக்கிட்டு அறிவதே எமது வேலை.