விடை தெரியும், வழி எழுத வராது!

"யாரைப் பார்த்து எழுதினாய்?"

கணக்கு நோட்டில் வழி எழுதாமல் விடையை மட்டும் எழுதிக் கொடுக்கும் பிள்ளை, முதலில் கேட்கும் கேள்வி இதுதான். விடை சரி. ஆனால் மார்க்கு குறைவு. அதற்கு மேல் திருட்டுப் பட்டம் வேறு!

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றங்கரை நெடுகத் தோல் ஊர்கள். பதனிட்ட தோலைச் சதுர அடிக் கணக்கில் விலை பேசும் ஊர்கள் இவை. "ஒரு தோல் 12½ சதுர அடி. 48 தோல் எவ்வளவு?" என்று இங்கே ஒரு சிறுவனைக் கேட்டுப் பாருங்கள். கணக்கில் கெட்டிக்காரன் என்றால் பேனாவைத் தொடமாட்டான். "600" என்பான். எப்படி என்று கேட்டால் விழிப்பான்.

வழி இல்லாமல் இல்லை. நூறில் அரைக்கால் 12½. நாற்பத்தெட்டில் அரைக்கால் 6. ஆகவே ஆறு நூறு. அவ்வளவுதான்! அந்தக் காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் அரைக்கால், மாகாணி வாய்பாடுகளை உருப்போட்டவர்களும் இப்படித்தான் போட்டார்கள். மனம் குறுக்கு வழியில் ஓடிவிடுகிறது. வாய்க்கு அந்த வழியைச் சொல்லத் தெரியவில்லை.

இப்படி வழியைச் சொல்லாமல் விடையைச் சொன்னவர்களில் உலகமே வியந்த ஒருவர் நம் தமிழ்நாட்டுக்காரர். அவர்தான் கணித மேதை ராமானுஜன்.

முழங்கைதான் அழிப்பான்

1887 டிசம்பர் 22-ல் ஈரோட்டில் பிறந்தவர் ராமானுஜன். வளர்ந்தது கும்பகோணத்தில். ஏழைக் குடும்பம். கணக்குப் போட்டுத் தள்ளும் வேகத்துக்குக் காகிதம் வாங்கக் காசு ஏது? சிலேட்டில் போடுவார். முழங்கையால் அழிப்பார். மறுபடி போடுவார். கடைசி விடை மட்டும் நோட்டில் ஏறும். வழி எல்லாம் முழங்கையோடு போய்விடும்!

பதினைந்து, பதினாறு வயதில் கார் என்ற ஆங்கிலேயர் எழுதிய கணிதப் புத்தகம் அவர் கைக்கு வந்தது. அதில் ஏறத்தாழ 5,000 கணித முடிவுகள். விளக்கம் மிகக் கொஞ்சம். கணிதம் என்றால் இப்படித்தான் எழுத வேண்டும் போலும் என்று அந்தப் பிள்ளை நினைத்ததில் வியப்பு என்ன?

கணிதத்தில் புலி; மற்றப் பாடங்களில் மனம் போகவில்லை. கும்பகோணம் கல்லூரியில் தோல்வி, உதவித்தொகை பறிபோனது. சென்னை பச்சையப்பன் கல்லூரியிலும் தோல்வி. 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா ஆனார். மாதச் சம்பளம் 30 ரூபாய்.

1913 ஜனவரி 16-ல், இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டி என்ற கணித அறிஞருக்கு ஒரு கடிதம் எழுதினார். கடிதத்தில் விடைகள் குவிந்து கிடந்தன. வழி இல்லை. ஹார்டி திகைத்தார். அவர் மட்டும் "இது மோசடி" என்று கடிதத்தைக் கிழித்துப் போட்டிருந்தால்? அவர் கிழிக்கவில்லை. "நிரூபணம் அனுப்புங்கள்" என்று பதில் எழுதினார். 1914-ல் ராமானுஜன் கப்பல் ஏறினார்.

அடுப்படியில் வந்த விடை

கேம்பிரிட்ஜில் ஒருநாள் ராமானுஜன் அடுப்பில் காய்கறி கிளறிக்கொண்டிருந்தார். நண்பர் மகலனோபிஸ் ஒரு பத்திரிகையில் வந்த புதிரைப் படித்துக் காட்டினார். பின்னாளில் இந்தியப் புள்ளியியல் கழகத்தைத் தொடங்கியவர் இந்த மகலனோபிஸ்தான்.

புதிர் இது: ஒரு தெருவில் 1, 2, 3 என்று வரிசையாக வீடுகள். ஒரு வீட்டுக்கு இடப்பக்கம் உள்ள எண்களைக் கூட்டினாலும், வலப்பக்கம் உள்ள எண்களைக் கூட்டினாலும் தொகை ஒன்றே. அந்த வீட்டின் எண் என்ன?

8 வீடு உள்ள தெரு என்றால் விடை 6. ஒரு பக்கம் 1 முதல் 5 வரை கூட்டினால் 15. மறுபக்கம் 7-ம் 8-ம் கூட்டினால் 15. பத்திரிகை கேட்டதோ 50-க்கு மேல், 500-க்குள் வீடுகள் உள்ள தெரு. அதற்கு விடை 204. மொத்த வீடு 288.

ராமானுஜன் கரண்டியைக் கீழே வைக்கவில்லை. ஒரு விடை அல்ல, எல்லா விடைகளும் அடங்கிய ஒரு தொடர் பின்னத்தையே சொல்லிவிட்டார். எப்படி என்று நண்பர் கேட்டார். கேட்டவுடன் இது தொடர் பின்னம் என்று தெரிந்தது, எந்தப் பின்னம் என்று யோசித்தேன், விடை வந்தது என்றார். அவ்வளவே!

மேதையும் தவறினார்

ஆனால் மனம் சொன்னதெல்லாம் சரியாகிவிடவில்லை. 2, 3, 5, 7 போல வேறு எண்ணால் வகுபடாத எண்களைப் பகா எண்கள் என்கிறோம். ஓர் எண்ணுக்குள் எத்தனை பகா எண்கள் உண்டு என்பதற்கு ராமானுஜன் சொன்ன வழி தவறாகப் போயிற்று. படிப்படியாக எழுதிப் பார்த்திருந்தால் தவறு அகப்பட்டிருக்கும். ஹார்டி நிரூபணம் கேட்டதன் நியாயம் இதுதான்.

1920 ஏப்ரல் 26-ல், 32 வயதில் ராமானுஜன் மறைந்தார். அவருடைய நோட்டுகளில் மூவாயிரத்துக்கு மேற்பட்ட கணித முடிவுகள் இருந்தன. அவற்றுக்கு வழி எழுதி முடிக்க, அமெரிக்கப் பேராசிரியர் புரூஸ் பெர்ன்ட் ஐந்து பெரிய புத்தகங்கள் எழுதினார். முதல் புத்தகம் 1985-ல் வந்தது, ஐந்தாவது 1998-ல்!

விடையை மட்டும் எழுதும் எல்லாப் பிள்ளையும் ராமானுஜன் ஆகிவிடாது. பார்த்து எழுதும் பிள்ளையும் உண்டு. கண்டுபிடிப்பது சுலபம். எண்ணை மாற்றிக் கேளுங்கள். பார்த்து எழுதிய பிள்ளை நின்றுவிடும். மற்றது உடனே சொல்லும். சொன்ன பிறகு, "உன் தங்கைக்குப் புரியும்படி சொல்லேன்" என்று கேளுங்கள். வாயால் சொன்னதைக் கையால் எழுதப் பழக்கினால், பரீட்சையில் வழிக்கு உள்ள மார்க்கும் கிடைக்கும்.

இன்றைக்கே கேட்டுப் பார்க்கலாம். 49 வீடு உள்ள தெருவில் அந்த வீட்டின் எண் என்ன? விடை 35. வழியைப் பிள்ளை சொல்லட்டும்.