40 பேருக்கு வாங்கி 25 பேருக்கு விற்ற கதை: மென்பொருள் சந்தா விற்பவர்கள் கவனிக்க வேண்டியவை

கிள்ளான் லிட்டில் இந்தியாவிலிருந்து நடந்து போகும் தூரம்தான். கீழே முடிதிருத்தும் கடை, மேல்மாடியில் இரண்டு மேசையும் நான்கு கணினியும் கொண்ட ஒரு சிறு அலுவலகம். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்து, கணினி பழுது பார்ப்பதில் தொடங்கிய ஓர் அண்ணன் அதை நடத்துகிறார். சிறு நிறுவனங்களுக்கு மின்னஞ்சல், ஆபீஸ் மென்பொருள், கிளவுட் சேமிப்பு ஆகியவற்றைச் சந்தா முறையில் விற்பதுதான் இப்போது அவருக்கு முக்கியத் தொழில்.

"பேரு வேணாம் தங்கச்சி, கணக்க மட்டும் எழுதுங்க. நாலு பேரு தப்பிச்சுக்குவாங்க" என்றார்.

அவர் சொன்ன கணக்கை, புரிவதற்காக எண்களை முழுதாக்கி இங்கே தருகிறேன். லோரி போக்குவரத்து நிறுவனம் ஒன்றுக்கு 40 பேருக்கு மைக்ரோசாப்ட் 365 சந்தா எடுத்துக் கொடுத்தார். ஓர் ஆள் கணக்குக்கு மாதம் 42 ரிங்கிட் அவருடைய கொள்முதல் விலை, 47 ரிங்கிட் விற்பனை விலை. ஓர் ஆளுக்கு 5 ரிங்கிட் வீதம் மாதம் 200 ரிங்கிட், ஆண்டுக்கு 2,400 ரிங்கிட் லாபம். பெரிய பணமில்லை. ஆனால் இப்படிப் பத்து வாடிக்கையாளர்கள் சேர்ந்தால் ஒரு குடும்பம் ஓடும்.

நான்கு மாதம் கழித்து அந்த லோரி நிறுவனத்தின் பெரிய குத்தகை ஒன்று கைவிட்டுப் போனது. 15 பேர் வேலையிலிருந்து நின்றார்கள். முதலாளி கைப்பேசியில் அழைத்து, "அந்தப் பதினஞ்சையும் வெட்டிடுங்க, இனி 25 பேருக்குத்தான் காசு" என்று சொல்லிவிட்டார். இவரும் சரியென்று சொல்லிவிட்டு, சந்தா நிர்வாகப் பக்கத்தைத் திறந்து எண்ணிக்கையைக் குறைக்கப் போனால், முடியவில்லை. வாங்கியது ஓராண்டு ஒப்பந்தம். எட்டு மாதம் பாக்கி இருந்தது.

15 பேர், 42 ரிங்கிட், எட்டு மாதம். மொத்தம் 5,040 ரிங்கிட். முதல் நான்கு மாத லாபம் 800, மீதி எட்டு மாதத்தில் 25 பேரிடமிருந்து வரும் 1,000, இரண்டையும் கழித்தாலும் 3,240 ரிங்கிட் கைநட்டம். அதைக் கட்ட மனைவியின் சங்கிலி அடகுக்கடைக்குப் போனது என்பதைச் சொல்லும்போது மட்டும் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

இங்கே என்ன நடந்தது என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்போம். நம்மவர்களில் பல இளைஞர்கள் இந்தத் தொழிலுக்கு வருகிறார்கள். கடை வாடகை வேண்டாம், சரக்கு அடுக்க வேண்டாம் என்பதால் முதலே இல்லாத வியாபாரம் போலத் தெரிகிறது.

மைக்ரோசாப்ட் தன் கிளவுட் சேவைகளை விற்க, கிளவுட் சொல்யூஷன் புரொவைடர் என்ற திட்டத்தை வைத்திருக்கிறது. சுருக்கமாக சி.எஸ்.பி. பெரிய பங்காளிகள் மைக்ரோசாப்டிடம் நேரடியாக வாங்குவார்கள். சிறியவர்கள் ஒரு மொத்த விநியோகஸ்தர் வழியாக வாங்கி வாடிக்கையாளருக்கு விற்பார்கள். வாடிக்கையாளருக்கு என்ன விலை சொல்வது என்பது விற்பவரின் விருப்பம். ஆனால் வாடிக்கையாளர் காசு கட்டாவிட்டாலும் மேலே கட்ட வேண்டிய பணம் நிற்காது. லாபம் 5 ரிங்கிட்தான், பொறுப்போ 42 ரிங்கிட் முழுவதற்கும்.

2022-ஆம் ஆண்டில் மைக்ரோசாப்ட் இந்தச் சந்தாக்களுக்குப் புதிய விதிமுறைகளைக் கொண்டு வந்தது. முன்பெல்லாம் ஆண்டுச் சந்தாவிலும் நடுவில் ஆள் எண்ணிக்கையைக் குறைக்க முடிந்தது. புதிய முறையில், சந்தா தொடங்கி ஏழு நாளுக்குள் ரத்து செய்யலாம், குறைக்கலாம். எட்டாவது நாளிலிருந்து ஒப்பந்தக் காலம் முடியும்வரை கூட்டலாம், குறைக்க முடியாது. சந்தாவை நிறுத்தி வைத்தால் பயனர் நுழைய முடியாதே தவிர, பில் வந்துகொண்டே இருக்கும்.

கல்யாணச் சாப்பாட்டுக்கு 500 இலைக்கு முன்பணம் கொடுத்தால் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும். கடைசி நேரத்தில் இன்னும் 50 இலை வேண்டுமென்றால் சமையல்காரர் தலையாட்டுவார். 100 பேர் வரவில்லை, காசைத் திருப்பிக் கொடுங்கள் என்றால் அண்டாவைக் காட்டுவார். மென்பொருளில் அண்டா கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

குறைக்கும் வசதி வேண்டுமானால் அதற்கும் வழி உண்டு. மாத ஒப்பந்தம் எடுக்கலாம். ஓராண்டு ஒப்பந்தத்தைவிட விலை 20 விழுக்காடு அதிகம். இதில் இன்னொரு படியும் சேர்ந்திருக்கிறது. 2025 ஏப்ரல் முதல், ஓராண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு மாதாமாதம் பணம் கட்டினால் 5 விழுக்காடு கூடுதல். ஆக, ஆண்டுப் பணத்தை ஒரே தடவையில் கட்டுபவருக்கு 40 ரிங்கிட் என்றால், ஆண்டு ஒப்பந்தம் மாதத் தவணையில் 42, மாத ஒப்பந்தம் 48. ஒரே சரக்குக்கு மூன்று விலை.

"மாசாமாசம் காசு கட்டுறதும் மாச ஒப்பந்தமும் ஒண்ணுன்னு நினைச்சேன். அதுதான் என் தப்பு" என்றார் அண்ணன். வாடிக்கையாளரும் அப்படித்தான் நினைத்திருக்கிறார். இருவரும் எழுத்தில் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை, வாட்ஸ்அப்பில் ஒரு கட்டைவிரல் படம் மட்டும்.

இப்போது அவர் புது வாடிக்கையாளரிடம் முதலில் கேட்பது, "எத்தனை பேர் நிச்சயம் ஒரு வருஷம் இருப்பார்கள்?" என்பதைத்தான். கணக்காளர், மேலாளர் போன்ற நிலையானவர்களுக்கு ஆண்டு ஒப்பந்தம். வந்து போகிறவர்களுக்கு மாத ஒப்பந்தம். அந்த 15 பேரை அன்றைக்கே மாத ஒப்பந்தத்தில் வைத்திருந்தால் மாதம் 90 ரிங்கிட் கூடுதலாகி, நான்கு மாதத்தில் 360 ரிங்கிட்டோடு போயிருக்கும். மாத ஒப்பந்தத்திலும் ஒரு குறை உண்டு. ஆண்டு ஒப்பந்தத்தின் விலை அந்த ஆண்டு முழுதும் மாறாது. மாத ஒப்பந்தத்தின் விலை ஒவ்வொரு புதுப்பிப்பிலும் மாறலாம்.

தமிழ் படித்தவள் என்பதால் எனக்கு ஒன்று உறுத்தியது. உரிமை, உரிமம் இரண்டும் ஒரே வேரில் பிறந்தவை. உரிமை என்பது நம்முடையது. உரிமம் என்பது அடுத்தவர் நமக்குக் கொடுக்கும் அனுமதி. லைசன்ஸ் என்பது உரிமம்தான். "நாங்க வாங்கின சாமான், வேண்டாம்னா திருப்பித் தர்றோம்" என்று லோரி முதலாளி சண்டை போட்டாராம். அவர் சாமான் எதையும் வாங்கவில்லை. ஓராண்டுக்குப் பயன்படுத்தும் அனுமதியைத்தான் வாங்கினார்.

விலை சொல்வதிலும் குழிகள் உண்டு. விநியோகஸ்தர் டாலரில் விலை சொன்னால், ரிங்கிட்டின் ஏற்ற இறக்கம் நம் தலையில்தான். 2024 பிப்ரவரியில் ஒரு டாலர் 4.80 ரிங்கிட்டை நெருங்கியது. 1998-க்குப் பிறகு ரிங்கிட் அவ்வளவு சரிந்ததில்லை. அதே ஆண்டு செப்டம்பர் இறுதியில் 4.12 அளவுக்கு மீண்டது. பிப்ரவரியில் 48 ரிங்கிட்டாக இருந்த 10 டாலர், செப்டம்பரில் 41 ரிங்கிட் சொச்சம். பிப்ரவரி விலையில் ஆண்டு ஒப்பந்தம் போட்ட வாடிக்கையாளர்கள் செப்டம்பரில் அழைத்து, "ஏமாத்திட்டீங்களா?" என்று கேட்டார்களாம். அன்றிலிருந்து இவருடைய விலைப்பட்டியலில் இரண்டு வரிகள் தவறாமல் இருக்கின்றன: இந்த விலை 14 நாளுக்கு மட்டும், கணக்கிட்ட டாலர் மதிப்பு இவ்வளவு.

அடுத்தது சேவை வரி. மென்பொருள் சந்தாவுக்கும் தகவல் தொழில்நுட்பச் சேவைக்கும் வரி உண்டு. 2024 மார்ச் 1 முதல் அது 6 விழுக்காட்டிலிருந்து 8 விழுக்காடாக உயர்ந்தது. வரிக்குப் பதிவு செய்த ஒரு விற்பனையாளர் "வரி உள்பட 47 ரிங்கிட்" என்று ஆண்டு ஒப்பந்தம் எழுதியிருந்தால், அன்றோடு ஒவ்வோர் ஆளிலும் 80 சென்னுக்கு மேல் போயிற்று. 5 ரிங்கிட் லாபத்தில் இது சின்னத் தொகையல்ல. விலை தனி, வரி தனி என்று எழுதுவதே நல்லது. வரிக்குரிய சேவையின் விற்பனை 12 மாதத்தில் 5 லட்சம் ரிங்கிட்டைத் தாண்டினால் சுங்கத் துறையிடம் பதிவு கட்டாயம். நெருங்கும்போதே கணக்காளரைப் பார்த்துவிடுங்கள்.

இத்தனைக்கும் நடுவில், "ஆன்லைன்ல 20 வெள்ளிக்கு கீ விக்கிறாங்களே?" என்று கேட்கும் வாடிக்கையாளர்கள் வருவார்கள். அப்படி விற்கப்படும் கீயில் எது முறையானது என்று வாங்குபவரால் சொல்ல முடியாது. திருட்டு மென்பொருளை வணிகத்துக்குப் பயன்படுத்துவது 1987-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 41-ஆவது பிரிவின் கீழ் குற்றம். ஒவ்வொரு பிரதிக்கும் 2,000 முதல் 20,000 ரிங்கிட் வரை அபராதம், ஐந்தாண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே கிடைக்கலாம். ஒவ்வொரு பிரதிக்கும் என்பதைக் கவனிக்கவும். பத்துக் கணினி என்றால் பத்து மடங்கு. கடனுக்கு விற்றாலும் விற்கலாம், இதை மட்டும் விற்காதீர்கள்.

புதுப்பிப்பு நாளை மறந்தாலும் வம்புதான். தானாகப் புதுப்பிக்கும் வசதி போட்டிருந்தால், கேட்காமலேயே அடுத்த ஆண்டு தொடங்கிவிடும். மறுபடியும் ஏழு நாள்தான் அவகாசம். அண்ணன் ஒரு பள்ளிப் பயிற்சிப் புத்தகத்தில் எல்லா வாடிக்கையாளரின் தேதியையும் சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறார். 60 நாளுக்கு முன் ஒரு கடிதம், 30 நாளுக்கு முன் ஒரு தொலைபேசி அழைப்பு. இவ்வளவு கணினி வைத்துக்கொண்டு புத்தகத்திலா என்று கேட்டேன். "இது மின்சாரம் போனாலும் இருக்கும்" என்றார்.

அவருடைய புது ஒப்பந்தம் ஒன்றரைப் பக்கம்தான், தமிழிலும் மலாயிலும் இருக்கிறது. நடுவில் ஆள் குறைந்தாலும் ஒப்பந்தக் காலம் முழுவதற்கும் வாடிக்கையாளர் பணம் கட்ட வேண்டும் என்பது அதில் தடித்த எழுத்தில் இருக்கிறது, பக்கத்திலேயே தனியாக ஒரு கையெழுத்து. புது வாடிக்கையாளரிடம் இரண்டு மாதப் பணம் முன்வைப்பு. தலைமை நிர்வாகி கணக்கின் கடவுச்சொல் நிறுவன முதலாளியிடமே இருக்க வேண்டும் என்றும் ஒரு வரி உண்டு. அது வாடிக்கையாளருக்கான பாதுகாப்பு. விற்பவர் கடையை மூடிவிட்டுப் போனால், அவர்களுடைய பத்து வருட மின்னஞ்சல் அவரோடு போய்விடக் கூடாதல்லவா? இதைச் சொல்லும் விற்பனையாளர்கள் குறைவு. வாங்கும் நிறுவனத்தார் தாங்களாகவே கேளுங்கள்.

லோரி நிறுவனம் இன்னும் அவருடைய வாடிக்கையாளர்தான். அந்த 5,040 ரிங்கிட்டில் பாதியைத் தாம் ஏற்பதாக முதலாளி ஒப்புக்கொண்டு, மாதம் 300 வீதம் கட்டி வருகிறார். நான் கிளம்பும்போதுதான் அவரிடமிருந்து அழைப்பு வந்தது. புதுக் குத்தகை கிடைத்திருக்கிறதாம், ஆறு பேருக்குக் கணக்கு வேண்டுமாம். "ஒரு வருஷமா, மாசமா?" என்று கேட்டுக்கொண்டே அண்ணன் பயிற்சிப் புத்தகத்தைத் திறந்தார்.