எட்டாத கால்கள்

குதிரைச் சவாரி செய்தோர் தங்கள் காலின் நீளத்துக்கேற்ப அங்கவடியின் வாரைக் கூட்டியும் குறைத்தும் கட்டிக்கொண்டனர். குதிரை ஒன்றாயினும் ஏறுவோர் பலர் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். மோட்டார்ச் சைக்கிளின் பின்னாசனத்துக்குரிய கால்தாங்கியோ பெரும்பாலும் ஒரே இடத்தில் நிலையாகப் பொருத்தப்பட்டிருக்கின்றது. உயரங் குறைந்தவரின் பாதம் அதனை எட்டுவதில்லை. எட்டினாலும் விரல் நுனியே படுகின்றது.

கால் தொங்கினால் என்ன குடிமுழுகிவிடும் என்று சிலர் கேட்கலாம். தொங்கும் காலின் பாரம் தொடையை இழுக்கின்றது. ஆசனத்தின் விளிம்பு தொடையின் அடிப்புறத்தை அழுத்த, சிறிது தூரத்திலேயே கால் விறைத்துப்போகின்றது. சில்லு பள்ளத்தில் விழும்போது பாதத்தை ஊன்றி உடலைச் சற்றே உயர்த்த வழியில்லாமையால், அதிர்ச்சி முழுவதும் முதுகெலும்பில் ஏறுகின்றது. பிறேக் பிடித்தால் உடல் முன்னே சரிகின்றது. ஊன்ற இடமின்றி அலையும் கால், சூடேறிய சைலன்சரிலோ சுழலும் சில்லிலோ படுவதும் உண்டு.

என் தாயார் நாலடி எட்டங்குல உயரத்தினர். எங்காவது போக அழைத்தால், "நான் வரேல்லைத் தம்பி, நீ போட்டு வா" என்பார். காரணம் சொல்லமாட்டார். இவ்வாறு வலியைச் சொல்லாத முதியோர் பலர், கலியாண வீட்டையும் கோயிற் கொடியேற்றத்தையும் மெல்ல மெல்லத் துறந்துவிடுகின்றனர். சில அங்குலக் குறையொன்று ஒருவரின் உலகையே சுருக்கிவிடுகின்றது.

இக்குறை தீர்க்கக்கூடியதே. வண்டியை அசையாது நிறுத்தி, ஒருவர் பிடித்துக்கொள்ள, பயணியை ஆசனத்தில் அமர்த்துக. முழங்கால் இயல்பாக மடிந்த நிலையில் பாதம் எங்கே நிற்கின்றதோ, அந்த அளவுக்குக் கால்தாங்கியை உயர்த்துவதே முதல் வேலை. ஏறும்போது உடலின் முழுப் பாரத்தையும் அது தாங்க வேண்டியிருப்பதால், அதைப் பொருத்தும் இரும்பு உறுதியானதாக இருத்தல் அவசியம். அடுத்தது ஆசனம். அகன்ற ஆசனம் தொடைகளை விரித்து, குறுகிய காலை மேலும் குறுக்குகின்றது. மெத்தையின் இரு ஓரங்களையும் சீவி உறை தைத்தால் பாதம் கீழே இறங்கும். நடுப்பகுதியை மட்டும் மெலிய விடலாகாது. பாரமான ஒருவருக்காக இறுக்கிய பின் ஸ்பிரிங், இலேசான பயணியைத் தூக்கியெறியும். அதனைச் சற்றே தளர்த்துதல் நன்று.

மனிதனுக்காக யந்திரம் வளைந்துகொடுத்த கதை புதிதன்று. 1946இல் இத்தாலியில் வெளிவந்த வெஸ்பாவும், 1958இல் ஜப்பானில் வெளிவந்த ஹொண்டா சுப்பர் கப்பும், காலை உயரத் தூக்காமல் ஏறும் வண்ணம் நடுப்பகுதி தாழ்த்தி அமைக்கப்பட்டவை. ஆயினும் அந்தத் தாழ்வு ஓட்டுபவருக்கே உரியது. இந்தியாவின் 1989ஆம் ஆண்டு மோட்டார் வாகன விதிகள் பின்னிருப்பவரையும் நினைத்தன: கைப்பிடி வேண்டும், கால்தாங்கி வேண்டும், உடை சில்லிற் சிக்காதபடி மறைப்பு வேண்டும் என்றன. ஆனால் கால்தாங்கி இருப்பது வேறு. அது காலுக்கு எட்டுவது வேறு.

ஓட்டுபவரின் கையில் வழியும் வேகமும் இருக்கின்றன. பின்னிருப்பவரிடம் இருப்பது நம்பிக்கை ஒன்றே. அந்த நம்பிக்கைக்குக் கால் ஊன்ற ஓரிடம் கொடுப்பது சலுகையன்று, கடமை.