தோலில் வாழும் துணைவரும் பகைவரும்

திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவில் சித்திரை மாதத்து நண்பகலில் நடந்து செல்வோர் எவரும் மேனியிற் பெருகும் வியர்வையைத் துடைத்துக்கொண்டே செல்வர். அப்போது எண்ணிறந்த சிற்றுயிர்களையும் உடன் சுமந்துகொண்டே நடக்கிறோம் என்பது நம் நினைவிற்கு வருவதில்லை. வியர்வைக்கு இயல்பிலே நாற்றமில்லை. அக்குளிற் சுரக்கும் நீரைச் சிதைத்து நாற்றத்தை உண்டாக்குபவை அங்கே குடியிருக்கும் பாக்டீரியாக்களே. இவை நமக்குத் துணைவரா, பகைவரா என்பதைச் சற்றே ஆராய்வோம்.

வளர்ந்த மனிதனின் தோல் ஏறக்குறைய 2 சதுர மீட்டர் பரப்புடையது. ஒரு நாட்டிலேயே மருதமும் பாலையும் இருப்பதுபோல, இப்பரப்பிலும் பல நிலங்கள் உண்டு. நெற்றியும் மூக்கும் எண்ணெய்ப் பசை மிக்கவை. அக்குளும் கால்விரல் இடுக்குகளும் ஈரமானவை. முன்கையோ வறண்டது. ஒவ்வொரு நிலத்திலும் அதற்கேற்ற கிருமிகள் வாழ்கின்றன. தில்லியின் குளிரில் தோல் வறண்டு வெடிப்பதும், பம்பாயின் புழுக்கத்தில் ஓயாது நனைவதும் இக்குடிகளின் வாழ்வை மாற்றக் கூடியவையே.

இவற்றுள் 'ஸ்டாபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ்' என்பது ஏறத்தாழ எல்லோர் தோலிலும் இருப்பது. இடத்தைத் தான் பற்றிக்கொண்டு, தீய கிருமிகள் குடியேறாதவாறு தடுக்கிறது. அதன் சில இனங்கள் பகைக் கிருமிகளைக் கொல்லும் பொருள்களையும் சுரக்கின்றன. வேறு சில பாக்டீரியாக்கள் தோலின் எண்ணெயைச் சிதைத்துக் கொழுப்பு அமிலங்களை உண்டாக்குகின்றன. தோல் சற்றே புளிப்புத் தன்மையோடு இருப்பதற்கு இவையும் காரணம். அத்தன்மை பல நோய்க்கிருமிகளுக்கு ஒவ்வாதது. ஆகவே, தோலிலுள்ள கிருமிகளை அடியோடு அழித்துவிட வேண்டும் என்று எண்ணுவது காவலரையும் கள்வரையும் ஒருங்கே விரட்டுவதற்கு ஒப்பாகும்.

கள்வரும் உண்டு. ஸ்காத்லாந்தின் அபர்தீன் நகரில் அறுவை மருத்துவராயிருந்த அலெக்சாண்டர் ஆக்ஸ்டன், சீழினை நுண்பெருக்கியில் நோக்கி, அதில் திராட்சைக் குலைபோல் திரண்டிருந்த கிருமிகளைக் கண்டார். கிரேக்க மொழியில் திராட்சைக் குலையைக் குறிக்கும் சொல்லைக் கொண்டு 1882-ஆம் ஆண்டில் அவற்றிற்கு 'ஸ்டாபிலோகாக்கஸ்' எனப் பெயரிட்டார். அக்குடும்பத்தைச் சேர்ந்த 'ஆரியஸ்' என்பது மூவரில் ஒருவர் மூக்கில் ஓசையின்றி வாழ்கிறது. கீறல் கண்டால் உட்புகுந்து கட்டியையும் சீழ்ப்புண்ணையும் உண்டாக்குகிறது. குருதியிற் கலந்துவிடின் உயிருக்கே ஆபத்து.

துணைவனே பகைவனாவதும் உண்டு. இதற்குத் திருவனந்தபுரத்திலேயே தக்க சான்று கிடைக்கிறது. தொண்டைப் புண்ணை உண்டாக்கும் 'ஸ்ட்ரெப்டோகாக்கஸ்' என்னும் மற்றொரு கிருமியின் விளைவாக வரும் வாதக் காய்ச்சல், நம் நாட்டில் பல இளைஞரின் இதய வால்வுகளைப் பழுதாக்கி வந்திருக்கிறது. வெளிநாட்டுச் செயற்கை வால்வின் விலையோ ஏழைக்கு எட்டாதது. எனவே, ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையத்தில், டாக்டர் எம். எஸ். வலியத்தான் அவர்களின் தலைமையில் அறிஞர்கள் இந்திய வால்வு ஒன்றை ஆக்க முனைந்தனர். முந்தைய மாதிரிகள் தோல்வியுற்றன. அவர்கள் தளரவில்லை. வெற்றி பெற்ற வால்வு 1990-ஆம் ஆண்டு டிசம்பரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. பின்னர்ச் சென்னை டி.டி.கே. நிறுவனத்தார் அதனை உற்பத்தி செய்யலாயினர். இன்றளவில் ஓரிலட்சத்திற்கும் மேற்பட்ட இதயங்களில் அது பொருத்தப்பெற்றுள்ளது.

இத்தகைய எந்த வால்வுக்கும் தோலிலுள்ள அந்த எளிய 'எபிடெர்மிடிஸ்' பகையாகக் கூடும். தோலில் இருக்கும்வரை தீங்கற்ற அது, அறுவையின்போது உட்சென்று உலோகத்திலோ நெகிழியிலோ ஒட்டிக்கொண்டால், தன்னைச் சுற்றிப் பிசின்போன்ற போர்வையைப் படைத்துக்கொள்கிறது. குருதியின் வெள்ளணுக்களும் மருந்தும் அப்போர்வையை எளிதில் ஊடுருவ இயலாது. சிலபோது வால்வையே எடுத்து மாற்ற நேர்கிறது. இது கருதியே, அறுவைக்கு முன் நோயாளியின் தோலைக் கிருமிநாசினியால் தூய்மை செய்கின்றனர். மயிரைச் சவரக்கத்தியால் மழிக்காமல் கத்தரிக்கின்றனர், மழிக்கும் கத்தி கண்ணுக்குப் புலனாகாத கீறல்களை விடுவதால். கத்தி வைப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரத்திற்குள் தக்க மருந்தையும் செலுத்துகின்றனர்.

செயற்கை வால்வு பொருத்தப்பெற்றோர் ஒன்றை மறத்தலாகாது. காரணம் தெரியாத காய்ச்சல் நீடித்தால், தாமாகக் கிருமிக்கொல்லி மருந்தை வாங்கி உண்ணாமல், உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். குருதியை முதலில் சோதித்தாலன்றிக் குற்றவாளி இன்னதென அறிதல் அரிது. முன்னதாக உண்ட மருந்து அதன் அடையாளத்தை மறைத்துவிடும். பல் மருத்துவரிடம் செல்லுங்காலும் வால்வு உண்டென்பதைச் சொல்லிவிட வேண்டும்.

மற்றையோருக்கும் கடமையுண்டு. கட்டியைப் பிதுக்குதல் கூடாது. நீரிழிவுள்ளோர் நாள்தோறும் பாதங்களையும் விரலிடுக்குகளையும் நோக்குதல் நலம். குழந்தைகளின் தோற்புண்ணை அற்பமென ஒதுக்கினால், ஸ்ட்ரெப்டோகாக்கஸால் வந்த புண் பின்னர்ச் சிறுநீரகத்தைத் தாக்கக் கூடும். ஒருவர் சவரக்கத்தியையும் துவாலையையும் பிறர் பயன்படுத்தலாகாது. மருத்துவர் சொல்லாத கிருமிக்கொல்லி மருந்து, நல்லவற்றைக் கொன்று, எதற்கும் மடியாத தீயவற்றை வளர்த்துவிடும். அக்கேட்டினைத் தடுக்கவே கேரள அரசு 2018-ஆம் ஆண்டில் தனித் திட்டம் ஒன்றைத் தொடங்கியது.

பிழைப்பின் பொருட்டு ஊர்விட்டு ஊர் சென்று, கூட்டமான விடுதியிலோ ஒண்டுக் குடித்தனத்திலோ வாழும் நம்மவர் பலர். புது ஊரில் நல்ல அண்டை வீட்டாரை நாடுகிறோம். அவர்கள் எல்லை கடவாதிருப்பதையும் விரும்புகிறோம். தோலில் வாழ்வனவற்றோடும் நாம் கொள்ள வேண்டிய உறவு இதுவே. சோப்பும் நீரும் கைகளைக் காக்கட்டும். காயத்தைத் தூய துணி மூடட்டும். எஞ்சிய காவலை அச்சிற்றுயிர்களே நமக்காகச் செய்துவிடும்.