மலைநாட்டுப் பிரயாணமும் வழித்திட்டமும்

சமவெளியில் வாழ்பவர் தூரத்தைக் கட்டைக் கணக்கில் அளப்பர். மலையில் வாழ்பவர் அதனை நேரக் கணக்கில் அளப்பர். இவ்வேறுபாட்டை உணராமற் புறப்படும் குடும்பங்களே மலைநாட்டு வீதிகளில் இருளிலும் மூடுபனியிலும் அகப்பட்டுத் தவிக்கின்றன. விடுமுறை வந்ததும் பாட்டி, பெற்றோர், பிள்ளைகள் என ஒரு வான் நிறைய ஏறிக்கொண்டு நுவரெலியாவுக்குப் புறப்படுதல் இன்று வழக்கமாகிவிட்டது. பார்க்க வேண்டிய இடங்களைக் குறித்துக்கொள்வோர் பலர். அவற்றுக்குச் செல்லும் வழியைச் சிந்திப்போர் சிலரே.

யாழ்ப்பாணத்திலிருந்து புறப்படும் குடும்பம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கண்டிவரை ஏ9 வீதியின் நீளம் ஏறத்தாழ 320 கிலோமீற்றர். அதன் பெரும்பகுதி சமவெளி. கண்டியிலிருந்து நுவரெலியாவுக்கு உள்ள தூரமோ 80 கிலோமீற்றருக்கும் குறைவு. தேசப்படத்தைப் பார்ப்பவருக்கு இது முதற்பகுதியின் காற்பங்காகவே தோன்றும். ஆனால், தேசப்படத்தில் ஒரு விரலளவாகக் கிடக்கும் அவ்வீதி, கம்பளை, புசல்லாவை, இறம்பொடை வழியாக 1,300 மீற்றருக்கு மேல் ஏறுகின்றது. கண்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 500 மீற்றர் உயரத்தில் உள்ளது. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. ஆகவே மலைவீதியில் மணிக்கு 25 அல்லது 30 கிலோமீற்றர் என்றே கணக்கிடுதல் வேண்டும். தேநீருக்கும் பிள்ளைகளின் இளைப்பாறலுக்கும் தனியாக நேரம் ஒதுக்குதல் வேண்டும்.

இக்கணக்கிலிருந்து ஒரு முடிவு தானே பிறக்கின்றது. முதல் நாளில் மாத்தளையிலோ கண்டியிலோ தங்கி, மறுநாட் காலையில் மலையேறத் தொடங்குவதே அக்குடும்பத்துக்கு ஏற்றது. ஒரே நாளில் நுவரெலியாவை அடைந்துவிடலாம் என எண்ணினால், நாள் முழுவதும் வண்டி ஓட்டிக் களைத்த சாரதி, மிகக் கடினமான பகுதியை மாலைப் பனியிலும் இருளிலும் கடக்க நேரிடும். மலையில் பிற்பகலில் முகில் இறங்குவது வழக்கம். நண்பகலுக்கு முன்னர் தங்குமிடத்தை அடையுமாறு திட்டமிடுவோர் இவ்விடரிலிருந்து தப்புவர்.

தூரத்துக்கு அடுத்தபடியாகக் கவனிக்க வேண்டியது பருவம். மத்திய மலைத்தொகுதி ஒரு மதில் போன்றது. மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று அதன் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, கிழக்கேயுள்ள ஊவாப் பகுதியில் வறண்ட காற்றாக இறங்குகின்றது. டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை வீசும் வடகீழ்ப் பருவக்காற்று கிழக்குச் சரிவை நனைக்கின்றது. தேயிலைத் தோட்டத்தார் இதனை நன்கறிவர். ஊவாத் தேயிலைக்குச் சிறந்த மணம் வாய்க்கும் காலம் ஜூலை முதல் செப்டெம்பர் வரையாகும். திம்புளைத் தேயிலைக்கு அது வாய்ப்பது ஜனவரி முதல் மார்ச் வரையாகும். இரண்டும் அந்தந்தச் சரிவின் வறண்ட காலங்களே. பிரயாணியும் இந்தப் பஞ்சாங்கத்தையே பின்பற்றலாம். ஆகஸ்ட் விடுமுறையில் செல்வோர் பண்டாரவளை, அப்புத்தளை, வெலிமடைப் பக்கத்தை நாடுக. ஆண்டின் தொடக்கத்தில் செல்வோருக்கு ஹற்றன், தலவாக்கலைப் பக்கம் ஏற்றது. ஏப்ரலில் நுவரெலியாவில் வசந்தகாலக் கொண்டாட்டமும் சனநெருக்கமும் மிகும். பிற்பகலில் இடிமழையும் பெய்யும். அம்மாதத்தில் முற்பகற் பிரயாணமே தக்கது.

ஏறிய வழியே இறங்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. நுவரெலியாவிலிருந்து சீதா எலியவின் சீதையம்மன் கோயிலையும், 1861ஆம் ஆண்டில் சிங்கோனாப் பயிர்ச்செய்கைக்கெனத் தொடங்கப்பட்ட ஹக்கலைப் பூங்காவையும் கண்டு, வெலிமடை வழியாகப் பதுளைக்கு இறங்கலாம். அங்கிருந்து மகியங்கனையூடாகச் சமவெளியை அடைந்து, பொலன்னறுவை, ஹபரணை வழியே மீண்டும் ஏ9 வீதியைச் சேரலாம். மட்டக்களப்பு நேயர்களுக்கு ஏ5 வீதி வாய்த்திருக்கின்றது. செங்கலடியில் தொடங்கும் அது மகா ஓயா, பிபிலை, லுணுகலை, பசறை, பதுளை, நுவரெலியா எனச் சென்று பேராதனையில் முடிகின்றது. அவர்கள் அவ்வொரு வீதியிலேயே மலைநாட்டைக் குறுக்காகக் கடந்துவிடலாம்.

வழியைத் தெரிந்த பின்னர் வண்டியைப் பற்றியும் ஒரு சொல் கூற வேண்டும். ஏற்றத்தில் வண்டி சிரமப்படுவது எவருக்கும் புலப்படும். ஆனால் உயிராபத்து பெரும்பாலும் இறக்கத்திலேயே உள்ளது. நீண்ட இறக்கத்தில் பிறேக்கை ஓயாது மிதித்துக்கொண்டே சென்றால், உராய்வினால் அது மிகவும் சூடேறித் தன் பிடியை இழந்துவிடும். எந்தக் கியரில் அந்தக் குன்றை ஏற நேருமோ, அந்தக் கியரிலேயே அதனை இறங்குதல் வேண்டும் என்பது பழைய சாரதிகளின் விதி. அப்பொழுது இயந்திரமே வண்டியை இழுத்துப் பிடிக்கும். தானியங்கிக் கியர் வண்டிகளிலும் இதற்கெனத் தாழ்ந்த கியர் உண்டு. புறப்படுமுன் சாரதி அதனைப் பழகிக்கொள்ள வேண்டும். ஒடுங்கிய இடத்தில், மேலேறி வரும் வண்டிக்கு இறங்கும் வண்டி நின்று வழிவிடுவது மலைவீதி மரபு. 2021 மார்ச் மாதத்தில், பசறைக்கும் லுணுகலைக்கும் இடையே, சரிந்து விழுந்த பாறை வீதியை ஒடுக்கியிருந்த ஓரிடத்தில் பேருந்தொன்று பள்ளத்தில் வீழ்ந்து பலர் உயிரிழந்தனர். வீதி ஒடுங்கிய இடத்தில் ஒரு நிமிடம் பொறுத்து நிற்பது எவ்வளவு பெறுமதியானது என்பதை அத்துயரம் உணர்த்தும்.

மழைக்காலத்தில் மலையே இடம்பெயரும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி கொணர்ந்த பெருமழையால் கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மண்சரிவுகள் ஏற்பட்டன; நூற்றுக்கணக்கானோர் மாண்டனர்; வீதிகள் பல துண்டிக்கப்பட்டன. எனவே, முன்னொரு முறை சென்ற நினைவையோ பழைய படத்தையோ மட்டும் நம்பிப் புறப்படலாகாது. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைகளை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று படிகளில் வெளியிடுகின்றது. மஞ்சள் என்றால் விழிப்பு. செம்மஞ்சள் என்றால் வெளியேறுவதற்கு ஆயத்தம். சிவப்பு என்றால் அங்கு வாழ்வோரே வீட்டை விட்டு வெளியேற வேண்டிய நிலை. அங்குள்ளோர் வெளியேறும் வேளையில் உல்லாசப் பிரயாணிக்கு அங்கே அலுவல் ஏது? இடர் நேர்ந்தால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தை 117 என்ற இலக்கத்தில் அழைக்கலாம்.

உடல்நலத்தையும் மறத்தலாகாது. ஆயிரம் மீற்றர் ஏறுந்தோறும் வெப்பநிலை ஏறத்தாழ 6 பாகை செல்சியஸ் குறையும். யாழ்ப்பாணத்து வெயிலில் வாழ்ந்த முதியவருக்கு நுவரெலியா இரவு கடுங்குளிராகவே இருக்கும். கம்பளி உடையைப் பெட்டியின் அடியில் வைக்காது கைக்கெட்டும் இடத்தில் வைத்தல் நன்று. வளைவுகளிற் பிள்ளைகளுக்குக் குமட்டல் வருவது, உட்செவி உணரும் அசைவும் கண் காணும் காட்சியும் ஒன்றுக்கொன்று மாறுபடுவதாலாகும். அவர்களை முன்பக்கமாக இருத்தி, கைத்தொலைபேசியையும் புத்தகத்தையும் விலக்கி, தூரத்து மலையைப் பார்க்கச் செய்தல் வேண்டும். எண்ணெய்ப் பலகாரத்தை விடுத்து இலேசான உணவு கொடுத்தால் வருத்தம் குறையும்.

இறுதியாக, திட்டத்தில் எதுவும் எழுதப்படாத ஒரு நாள் இருத்தல் வேண்டும். மழை பெய்தால் தங்குவதற்கும், வீதி மூடப்பட்டால் சுற்றிச் செல்வதற்கும், பாட்டிக்குக் களைப்பானால் அவர் ஓய்வெடுப்பதற்கும் அந்நாள் உதவும். அது இல்லாத குடும்பம், மறுநாட் பள்ளிக்கூடத்தையும் அலுவலகத்தையும் எண்ணி, நிற்க வேண்டிய இடத்தில் நில்லாது விரையும். எந்த இடத்தில், எத்தனை மணிக்குத் திரும்பிவிடுவது என்பதையும் வீட்டிலிருக்கும்போதே அனைவரும் சேர்ந்து முடிவு செய்துகொள்ளட்டும். மலை அடுத்த விடுமுறைக்கும் அங்கேயே நிற்கும்; அதனைக் காண்பதற்கு எல்லோரும் சுகமாக வீடு திரும்பியிருக்க வேண்டும்.