காலஞ்சென்றவர் ஆஸ்தியும் சர்க்கார் வரியும்

நீலகிரியில் 'எஸ்டேட்' என்றால் தேயிலைத் தோட்டம் என்று குழந்தையும் சொல்லும். சட்டப் புத்தகத்திலோ, ஒருவர் இறந்தபின் விட்டுச் செல்லும் ஆஸ்தி முழுவதற்கும் அதுவே பெயர். எமரால்டு அணையைச் சூழ்ந்த சரிவுகளில் ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்துப் பச்சைத் தேயிலை விற்கும் குடும்பங்களில், பெரியவர் கண் மூடியதும், "சர்க்கார் இனி எவ்வளவு கேட்குமோ!" என்ற திகில் எழுவதுண்டு. அத்திகிலில் பாதி பழங்கதை. மற்றப் பாதியையே நாம் அறிந்துகொள்ள வேண்டும்.

செல்வம் சில குடும்பங்களிலேயே குவிந்து கிடத்தலாகாது என்று கருதி, சுதந்தர பாரதம் 1953-ஆம் ஆண்டில் எஸ்டேட் வரிச் சட்டம் இயற்றிற்று. நோக்கம் உயர்ந்ததே. பிற்காலத்தில், 20 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட பகுதிக்கு நூற்றுக்கு 85 வீதம் வரி விதிக்கப்பட்டது. ஆயினும் ஆண்டு வசூல் ஏறக்குறைய 20 கோடி ரூபாயே. அதை வசூலிக்கும் செலவோ மிகுதி. ஆகவே, நிதி மந்திரி வி. பி. சிங் காலத்தில், 1985 மார்ச் 16 முதல் நிகழும் மரணங்களுக்கு அவ்வரி நீக்கப்பட்டது. இன்று பிதிரார்ஜிதம் பெறுவதற்கென்று நம் நாட்டில் மத்திய வரி இல்லை.

ஆனால், ஆள் மறைந்தாலும் அவருடைய வருமான வரி மறைவதில்லை. ஏப்ரல் 1 முதல் இறந்த நாள் வரை அவருக்குச் சேர்ந்த வருமானம் வரம்பைத் தாண்டினால், வாரிசே கணக்குத் தாக்கல் செய்யவேண்டும். முந்திய ஆண்டுகளின் பாக்கியும் உண்டு. பாங்கி கூடுதலாகப் பிடித்த வரியைத் திரும்பப் பெறவும் அக்கணக்கே வழி.

பறித்த இலையை அப்படியே தொழிற்சாலைக்கு விற்றால் அது விவசாய வருமானம். அதற்கு மத்திய வருமான வரி இல்லை. சொந்தத் தோட்டத்து இலையைத் தாமே தேயிலைத் தூளாக்கி விற்பவருக்கு, அவ்வருமானத்தில் நூற்றுக்கு 40 பங்கு வரிக்குரியது. பாங்கி வட்டியும் வீட்டு வாடகையும் வரிக்கணக்கில் சேர்ந்தவை.

வாரிசின் பொறுப்புக்கு ஓர் எல்லையுண்டு. பாக்கி 2,00,000 ரூபாய், விட்டுச் சென்ற ஆஸ்தியோ 1,50,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மிகுந்த 50,000 ரூபாய்க்காக, கணவரை இழந்த அம்மாள் தம் சீதன நகையை விற்க வேண்டியதில்லை. சட்டம் அதைக் கேட்பதுமில்லை. ஆனால், பாக்கி இருக்கும்போதே ஆஸ்தியை விற்றாலோ அடகு வைத்தாலோ, அந்த மதிப்பளவுக்கு அப்படிச் செய்தவரே சொந்தப் பொறுப்பில் ஈடு செய்ய நேரும்.

ஆகவே, முதலில் 21 நாட்களுக்குள் மரணத்தைப் பதிவு செய்க. அடுத்துத் தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழ் பெற்று, வருமான வரி இலாகாவில் வாரிசாகப் பதிவு செய்துகொள்க. பாட்டனார் பெயரிலேயே பட்டாவை விட்டுவைக்காமல், முறைப்படி பெயர் மாற்றிக்கொள்க. அண்ணன் தம்பிமார் பாகம் பிரிக்க உட்காருமுன், பெரியவரின் வரிக்கணக்கை ஒருமுறை விரித்துப் பார்ப்பது குடும்பத்துக்கு நலம்.